உதவியாளருக்கு சம்மன் வந்தால்: அமெரிக்க நாடாளுமன்றச் சிறப்புரிமை, எளிய விளக்கம்

ஒரு செனட்டரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மசோதாக்களுக்குக் குறிப்பு எழுதுவார், மாநிலத்து மக்களின் மனுக்களைப் பார்ப்பார், செனட்டர் யாரை எப்போது சந்திப்பது என்று நேரம் ஒதுக்குவார். ஒருநாள் அவர் பெயருக்கு சம்மன் வருகிறது. கிரிமினல் வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்பது அவருடைய செனட்டராகவே இருக்கலாம், முன்பின் தெரியாத யாரோ ஒருவராகவும் இருக்கலாம். அவர் போய் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? இல்லை, "அது நாடாளுமன்ற விவகாரம், சொல்ல முடியாது" என்று மறுக்கலாமா?

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே சாட்சி, ஒரே நாளில், முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது என்றிருக்கும். எந்தக் கேள்வி எந்தப் பக்கம் விழும் என்பதில்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் செய்தித்தாள்களில் 'உரிமை மீறல்' என்று படித்தால், யாரோ சபையை அவமதித்துவிட்டார், அவரைக் குழு முன் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைவுக்கு வரும். அது சிறப்புரிமையின் ஒரு முகம். இங்கே பார்க்கப்போவது மறுமுகம்: சபைக்குள் நடந்ததை நீதிமன்றத்திடமிருந்தும் அரசாங்கத்திடமிருந்தும் காக்கும் முகம்.

இது எங்கிருந்து வந்தது

மூலம் இங்கிலாந்து. 1629இல் நாடாளுமன்றத்தில் தன்னை எதிர்த்துப் பேசியவர்களை மன்னர் முதலாம் சார்லஸ் சிறையில் தள்ளினார். அவர்களில் ஒருவரான சர் ஜான் எலியட் 1632இல் லண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்துபோனார். மன்னர்களோடு நடந்த நீண்ட சண்டைக்குப் பிறகு, 1689ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் ஒன்பதாம் பிரிவு, நாடாளுமன்றப் பேச்சையும் விவாதத்தையும் வேறு எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அமெரிக்கர்கள் 1787இல் அரசியல் சாசனம் எழுதியபோது இதே கருத்தை முதல் உறுப்பின் ஆறாம் பிரிவில் ஒரே வரியில் சேர்த்துக்கொண்டார்கள். எந்த அவையில் செய்த பேச்சுக்கும் விவாதத்துக்கும் 'அவர்களை' வேறெந்த இடத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டக்காரர்கள் இதைப் பேச்சு விவாதப் பிரிவு என்று சொல்வார்கள்.

அந்த 'அவர்கள்' யார்? செனட்டர்களும் பிரதிநிதிகளும். உதவியாளர், பி.ஏ., குழு வழக்கறிஞர் என்று எவரைப் பற்றியும் சாசனத்தில் ஒரு சொல் கிடையாது. 18ஆம் நூற்றாண்டு உறுப்பினருக்கு அப்படிப்பட்ட படையே இல்லை. தன் கடிதத்தைத் தானே எழுதினார். பின்னால் வந்த சிக்கல் முழுவதும் இந்த மௌனத்திலிருந்து பிறந்ததுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அதே பிரிவில் கூட்டத்தொடரின்போது உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் தேசத்துரோகம், பெருங்குற்றம், பொது அமைதியைக் குலைத்தல் ஆகியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. கிரிமினல் குற்றம் எல்லாமே அந்த விலக்குக்குள் வந்துவிடும் என்று 1908இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பதவியில் இருப்பதால் கைதாக மாட்டார் என்பது அமெரிக்காவில் செல்லாது.

காப்பாற்றப்படுவது எது

மேரிலாந்தைச் சேர்ந்த இரண்டு அரசியல்வாதிகளின் வழக்குகளைப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

முதலாமவர் தாமஸ் ஜான்சன், பிரதிநிதிகள் சபை உறுப்பினர். கடன் சேமிப்பு நிறுவனங்களுக்கு ஆதரவாக 1960இல் சபையில் ஓர் உரை நிகழ்த்தினார். அதற்குப் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. விசாரணையில் அந்த உரையை வரிவரியாகக் குடைந்தார்கள்: யார் எழுதியது, ஏன் இந்த வாக்கியம், என்ன நோக்கம்? 1966இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சபையில் பேசிய பேச்சையும், பேசியதற்கான நோக்கத்தையும் நீதிமன்றம் தோண்டக் கூடாது. அந்தப் பேச்சின் மேல் கட்டிய குற்றச்சாட்டு நிற்காது என்றது.

இரண்டாமவர் செனட்டர் டேனியல் புரூஸ்டர். தபால் கட்டணம் பற்றிய சட்டத்தில் ஒரு பக்கம் சாய்வதற்காக லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு. 1972இல் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர் வேறு கணக்குப் போட்டார். லஞ்சம் வாங்குவது சட்டமியற்றும் வேலையில் சேராது. பணத்தை வாங்கிக்கொண்டு வாக்குறுதி கொடுத்த கணமே குற்றம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சபையில் அவர் எப்படி வாக்களித்தார் என்று நிரூபிக்கவே தேவையில்லை. ஆகவே வழக்கை நடத்தலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோடு தெரியும். சபையில் பேசுவது, வாக்களிப்பது, குழுவில் விசாரிப்பது, அறிக்கை தயாரிப்பது போன்ற சட்டமியற்றும் செயல்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அரசுத் துறைக்கு போன் போட்டுத் தொகுதிக்காரருக்கு வேலை முடித்துக் கொடுப்பது, ஒப்பந்தம் வாங்கித் தருவது, பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது, தொகுதிக்குச் சுற்றறிக்கை அனுப்புவது ஆகியவற்றுக்குக் கிடையாது. இந்த இரண்டாவது வகை அரசியல்வாதியின் அன்றாட வேலையில் பெரும் பங்கு என்பது உண்மைதான். ஆனாலும் அது அரசியல் வேலை, சட்டமியற்றும் வேலை ஆகாது என்று நீதிமன்றம் பிரித்துவிட்டது. பாதுகாப்பு செயலுக்கு, ஆளுக்கு இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

கட்டட, மைதானத் துணைக்குழுவின் ஓர் இரவு

உதவியாளர்களின் நிலை முதலில் மோசமாகத்தான் இருந்தது. ஹாலெட் கில்போர்ன் என்பவர் ஒரு குழுவின் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்ததால் பிரதிநிதிகள் சபை அவரைச் சிறையில் அடைத்தது. 45 நாள் உள்ளே இருந்துவிட்டு வந்து அவர் வழக்குப் போட்டார். 1881இல் உச்ச நீதிமன்றம், சிறைவைக்க வாக்களித்த உறுப்பினர்களைத் தொட முடியாது என்றது. ஆனால் அவர்கள் சொன்னபடி அவரைப் பிடித்து அடைத்த சபைக்காவலர் தாம்சன் பதில் சொல்ல வேண்டும் என்றது. உத்தரவு போட்டவர்கள் தப்பித்தார்கள், நிறைவேற்றியவர் மாட்டிக்கொண்டார்.

இதை மாற்றிய வழக்குக்கு 1971க்குப் போக வேண்டும். வியட்நாம் போர் எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ரகசியமாகத் தயாரித்த 47 தொகுதி ஆய்வு, பென்டகன் ஆவணங்கள், பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டது. ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட ஆரம்பித்தது. அரசு நீதிமன்றத் தடை வாங்கியது. அலாஸ்காவின் செனட்டர் மைக் கிரேவல் கையிலும் ஒரு பிரதி வந்து சேர்ந்தது.

ஜூன் 29 மாலை அவர் அதைச் செனட் அவையிலேயே படிக்கப் பார்த்தார். போதிய உறுப்பினர் எண்ணிக்கை இல்லை என்று எதிர்த்தரப்பு தடுத்துவிட்டது. அவருக்கு ஒரு யோசனை வந்தது. பொதுப்பணிக் குழுவின் கீழ் கட்டடங்களுக்கும் மைதானங்களுக்கும் ஒரு துணைக்குழு உண்டு. அதன் தலைவர் அவர்தான். குழுவை அந்த இரவே கூட்டினார். சாட்சியாக நியூயார்க்கைச் சேர்ந்த பிரதிநிதி ஜான் டோ வந்து, தன் தொகுதிக்கு ஓர் அரசுக் கட்டடம் வேண்டும் என்று கேட்டார். கட்டடத்துக்குப் பணம் ஏது, எல்லாம் வியட்நாமுக்குப் போய்விட்டதே, ஏன் போயிற்று என்று பார்ப்போம் என ஆரம்பித்த கிரேவல், ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினார். நள்ளிரவு தாண்டியும் படித்தார். நடுவில் உடைந்து அழுதார். கடைசியில் 47 தொகுதிகளையும் குழுவின் பதிவேட்டில் சேர்த்துவிட்டார். மறுநாளே உச்ச நீதிமன்றம் பத்திரிகைகள் மீதான தடையை நீக்கியது. கட்டடத் துணைக்குழுவின் நடைமுறையை இவ்வளவு கற்பனையோடு பயன்படுத்தியவர் முன்னும் பின்னும் இருந்திருப்பாரா என்று தெரியவில்லை.

அந்த இரவுக்கான வேலைகளில் உதவியவர் லியனார்ட் ராட்பெர்க் என்ற ஆய்வாளர். அன்று பகலில்தான் அவரைக் கிரேவல் தன் பணியாளராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு இந்த ஆவணங்களைப் புத்தகமாக வெளியிட பாஸ்டனில் உள்ள பீக்கன் பிரஸ் பதிப்பகத்தோடு ஏற்பாடு நடந்தது. அந்த நகரில் கசிவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, ராட்பெர்க்குக்கு சம்மன் அனுப்பியது. அவர் சம்மனை ரத்து செய்யக் கேட்டார். கிரேவலும் வழக்கில் நுழைந்தார். என் உதவியாளரைக் கேள்வி கேட்பது என்னையே கேட்பதற்குச் சமம் என்பது அவர் வாதம்.

1972 ஜூன் 29, அந்த இரவு முடிந்து சரியாக ஓராண்டில், உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. புரூஸ்டர் தீர்ப்பும் அதே நாள்தான். நீதிபதி பைரன் வைட் எழுதியதில் இரண்டு பாதி உண்டு.

முதல் பாதியில் உதவியாளர்கள் ஜெயித்தார்கள். இன்றைய நாடாளுமன்ற வேலை தனி ஆள் செய்யக்கூடியதல்ல. உதவியாளரின் அன்றாட உழைப்பு இல்லாமல் உறுப்பினர் இயங்க முடியாது. ஆகவே உதவியாளர் உறுப்பினரின் மறுவுருவம். உறுப்பினர் தானே செய்திருந்தால் பாதுகாக்கப்படும் ஒரு செயலை உதவியாளர் செய்தால் அதற்கும் அதே பாதுகாப்பு.

இரண்டாம் பாதியில் கிரேவல் தோற்றார். தனியார் பதிப்பகத்தில் புத்தகம் போட ஏற்பாடு செய்தது சட்டமியற்றும் வேலை ஆகாது. அதைப் பற்றி ராட்பெர்க்கைக் கேட்கலாம். ஆவணங்கள் யார் மூலம் எப்படி வந்தன என்பது வேறொருவர் செய்த குற்றத்தைப் பற்றிய விசாரணைக்குத் தேவைப்பட்டால் அதையும் கேட்கலாம்.

கேட்கக் கூடாதவை எவை என்று நீதிமன்றம் பட்டியலே போட்டது. அந்த இரவுக் கூட்டத்தில் செனட்டரும் உதவியாளர்களும் என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. ஏன் செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. கூட்டம் குறித்தோ வேறு சட்டமியற்றும் செயல் குறித்தோ அவர்களுக்குள் நடந்த பேச்சைக் கேட்கக் கூடாது. கூட்டத்துக்கான ஆயத்த வேலைகளையும், அவை தம்மளவில் குற்றமாக இல்லாதவரை, கேட்கக் கூடாது. வேறொருவரின் குற்றத்தைத் துப்பறிய அவசியமானால் மட்டும் விலக்கு. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு சாட்சியை விசாரித்துப் பாருங்கள். "அன்று மதியம் எத்தனை மணிக்கு அலுவலகம் வந்தீர்கள்?" என்ற கேள்வியே ஆயத்தத்தில் சேருமா சேராதா என்று வழக்கறிஞர்கள் எழுந்து நின்று வாதாடுவார்கள்.

எனக்கு இந்தத் தீர்ப்பின் இரண்டாம் பாதி கொஞ்சம் உறுத்தும். ஆளில்லாத குழு அறையில் நள்ளிரவில் படித்தால் நாடாளுமன்ற வேலை. அதையே மக்கள் படிக்கும்படி அச்சடித்தால் தனியார் வேலையா? மக்களுக்குத் தெரிவிப்பதும் பிரதிநிதியின் கடமைதான் என்று மாறுபட்ட நீதிபதி பிரென்னன் எழுதியது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் பெரும்பான்மையின் பயமும் புரிகிறது. புத்தகத்தைக் காத்தால் அடுத்து டி.வி. பேட்டியைக் காக்க வேண்டும், பிறகு தேர்தல் துண்டறிக்கையை. அப்படியே போனால் அரசியல்வாதி வாயைத் திறந்தாலே பாதுகாப்பு என்றாகிவிடும்.

உரிமை யாருடையது, அனுமதி யார் தருவது

கிரேவல் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. உதவியாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு அவருடைய சொந்த உரிமை கிடையாது, உறுப்பினருடையது. உறுப்பினர் சார்பில்தான் அவர் அதைக் கோர முடியும். உறுப்பினர் "பரவாயில்லை, சொல்லட்டும்" என்று கைவிட்டால் உதவியாளர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மறுபக்கம், உதவியாளர் மனச்சாட்சி உறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தாலும், உறுப்பினர் குறுக்கே வந்து தடுக்கலாம்.

இதற்கு மேல் சபைகளுக்கென்று தனி நடைமுறையும் உண்டு. செனட்டின் கட்டுப்பாட்டில் உள்ள எந்தச் சான்றையும் செனட்டின் அனுமதியின்றி எடுத்துப்போகக் கூடாது என்பது அதன் பழைய நிலைப்பாடு. ஆகவே ஒரு பணியாளர் சாட்சி சொல்ல வேண்டுமானால் செனட்டே தீர்மானம் போடும். இது பெரும்பாலும் அவை கலையப்போகும் நேரத்தில், ஆட்சேபம் யாருக்காவது உண்டா என்று கேட்டு, ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிடும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான செனட் சட்ட ஆலோசகர் அலுவலகம் அந்தப் பணியாளருக்காக ஆஜராகும். பிரதிநிதிகள் சபையில் எட்டாம் விதி. சம்மன் வந்தவர் உடனே சபாநாயகருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் சபையில் வைக்கப்பட்டு நாடாளுமன்றப் பதிவேட்டில் அச்சாகும். சாதாரண எழுத்தருக்கு வந்த சம்மன்கூட அப்படி வரலாற்றில் ஏறிவிடுகிறது.

இந்தச் செனட் தீர்மானங்களைப் படித்தால் பெரிய ஊழல் வழக்குகள் அபூர்வம் என்று தெரியும். வழக்கமாக வருவது இப்படிப்பட்டவை: செனட்டரின் மாநில அலுவலகத்தில் போராட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அலுவலகம் மூடும் நேரத்தில் எழுந்துபோக மறுத்தார்கள், போலீஸ் வந்து அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டது. அல்லது யாரோ போனில் கொலை மிரட்டல் விடுத்தார்கள், போனை எடுத்த ஊழியர் சாட்சி. 'போகச் சொன்னோம், போகவில்லை' என்று சொல்வதற்கு எதற்குத் தீர்மானம், எதற்குச் சட்ட ஆலோசகர்?

குறுக்கு விசாரணைக்காகத்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அவர்கள் கொண்டுவந்த மனுவைச் செனட்டரிடம் கொடுத்தீர்களா? அவர் என்ன சொன்னார்? அந்த மசோதாவில் அவர் என்ன முடிவெடுத்திருந்தார்?" என்று கேட்டால், சாட்சி ஒரே அடியில் கோட்டைத் தாண்டிவிடுவார். அதனால் தீர்மானத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சொற்றொடர் இருக்கும்: சிறப்புரிமை கோர வேண்டிய விஷயங்கள் நீங்கலாகச் சாட்சி சொல்ல அனுமதிக்கப்படுகிறது.

கேடயமும் வாளும்

மேலே சொன்னதெல்லாம் உதவியாளரைக் காப்பது பற்றி. சபையே ஒருவரைத் தண்டிக்க ஆசைப்பட்டுத் தன் ஆளைச் சாட்சிக்கு அனுப்பினால்?

2022 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த, டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் மீதான வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடக் கலவரத்தை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு அவருக்கு சம்மன் அனுப்பியது. ஆவணம் தர அக்டோபர் 7, நேரில் வர அக்டோபர் 14 என்று கெடு. அவர் இரண்டையும் செய்யவில்லை. நாடாளுமன்ற அவமதிப்பு என்று கிரிமினல் வழக்கு. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி அந்தக் குழுவின் தலைமை வழக்கறிஞர். சம்மன் ஏன் அனுப்பினோம், கெடு எப்போது, அவர் என்ன பதில் தந்தார் என்று வரிசையாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் அவரும் அரசு வழக்கறிஞர்களில் ஒருவரும் ஒரே புத்தக வாசிப்புக் குழுவில் இருந்தவர்கள் என்றெல்லாம் கிளறினார்கள்.

பானன் தரப்பு சபாநாயகர் நான்சி பெலோசியையும் குழு உறுப்பினர்களையும் சாட்சிக்கு அழைக்க சம்மன் வாங்கியிருந்தது. நீதிபதி கார்ல் நிக்கல்ஸ் பேச்சு விவாதப் பிரிவைக் காட்டி அவற்றை ரத்து செய்தார். ஆக, சபைக்குச் சாதகமானதைச் சொல்ல ஒரு பணியாளர் வருவார். சாதகமில்லாததைக் கேட்க உறுப்பினர்கள் வரமாட்டார்கள். ஜூலை 22 அன்று இரண்டு குற்றச்சாட்டுகளிலும் ஜூரி பானனைக் குற்றவாளி என்றது.

பேஸ்பால் வீரர் ரோஜர் கிளெமென்ஸ் வழக்கிலும் இதே கதைதான். ஊக்கமருந்து பற்றிக் குழு முன் பொய் சொன்னார் என்று வழக்கு. குழுவின் அலுவலர் சாட்சி சொன்னார். ஆனால் குழுவின் உள்குறிப்புகளை அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டபோது சிறப்புரிமை குறுக்கே நின்றது. ஜூரி 2012இல் அவரை விடுவித்துவிட்டது.

பானன் மீது எனக்கு அனுதாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடல் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் பக்கச் சாட்சிகளை நீதிமன்றத்தின் மூலம் வரவழைக்கும் உரிமையை அமெரிக்கச் சாசனத்தின் ஆறாவது திருத்தம் தருகிறது. அதே சாசனத்தின் இன்னொரு வரி அதை மறிக்கிறது. மன்னரிடமிருந்து உறுப்பினரைக் காக்கப் பிறந்த கேடயம், ஒரு தனிமனிதருக்கு எதிரான வழக்கில் சபையின் கையில் வாளாகவும் மாறலாம். நீதிபதிகள் இந்த மோதலில் பெரும்பாலும் சபையின் பக்கமே நின்றிருக்கிறார்கள்.

கோடு மங்கும் இடங்கள்

செனட்டர் லிண்ட்சி கிரஹாம் 2020 தேர்தலுக்குப் பின் ஜார்ஜியா மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கருக்கு போன் செய்தார். தேர்தல் எப்படி நடந்தது என்று தகவல் திரட்டினேன், அது செனட் வேலை என்றார். வாக்குகளைத் தள்ளிவிட அழுத்தம் கொடுத்தாரா என்று விசாரித்தது ஜார்ஜியாவின் சிறப்பு கிராண்ட் ஜூரி. ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டும் இருக்கலாம். தகவல் திரட்டிய பகுதியைக் கேட்காதீர்கள், தூண்டியதாகச் சொல்லப்படும் பகுதியையும் தேர்தல் பிரசாரக் குழுவோடு பேசியதையும் கேளுங்கள் என்று நீதிமன்றங்கள் பிரித்தன. 2022 நவம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அவர் போய்ச் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட அழைப்பை இணைத்துக் கொடுத்துக் குறிப்பெடுக்கும் உதவியாளர் ஒருவர் இருந்தால், கிரேவல் தீர்ப்பின்படி அவருக்கும் இதே கோடுதான்.

லூசியானாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வில்லியம் ஜெஃபர்சன் மீதான லஞ்ச வழக்கு வேறு ரகம். அவர் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் எஃப்.பி.ஐ. 90,000 டாலர் ரொக்கம் கண்டுபிடித்தது. 2006 மே மாதம் ரேபர்ன் கட்டடத்தில் இருந்த அவருடைய அலுவலகத்தையும் சோதனையிட்டது. பதவியில் உள்ள உறுப்பினரின் நாடாளுமன்ற அலுவலகத்தில் சோதனை நடந்தது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல்முறை. கட்சி பேதமில்லாமல் சபை கொதித்தது. சட்டமியற்றும் காகிதங்களை முதலில் உறுப்பினரே பிரித்தெடுக்க வாய்ப்புத் தந்திருக்க வேண்டும் என்று 2007இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2011இல் மேற்குக் கடற்கரைப் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. ஆக இன்று ஓர் உதவியாளரின் மின்னஞ்சலைப் புலனாய்வாளர் முதலில் பார்க்கலாமா என்பது வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

ஜெஃபர்சனின் பணியாளர்கள் கிராண்ட் ஜூரி முன் பேசியிருந்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளோடான வர்த்தகச் சட்டத்தில் அவர் பங்கு என்ன, அதனால் அங்கே அவருக்கு என்ன செல்வாக்கு என்றெல்லாம் அதில் வந்திருந்தது. இது சட்டமியற்றும் செயல் பற்றிய சாட்சியம், குற்றப்பத்திரிகையே செல்லாது என்றார் அவர். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றப்பத்திரிகை அந்தச் செயல்களின் மேல் நிற்காதபோது, ஓரிரண்டு இடத்தில் அவை தலைகாட்டியதற்காக முழுவதையும் தூக்கி எறிய முடியாது என்றது.

மாநிலச் சட்டமன்றங்களுக்கு இந்தக் கவசம் பாதிகூடக் கிடையாது. டென்னசி மாநில செனட்டர் எட்கர் கில்லக் மீதான லஞ்ச வழக்கில், மத்திய கிரிமினல் வழக்கு என்று வந்துவிட்டால் மாநில உறுப்பினர் தன் சட்டமன்றச் செயல்களை மறைக்க முடியாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உறுப்பினருக்கே இல்லாதபோது பணியாளருக்கு எங்கிருந்து வரும்?

நம் பக்கமும் ஒரு பார்வை. அரசியல் சாசனத்தின் 105ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கும் 194ஆம் உறுப்பு சட்டமன்றங்களுக்கும் இதே வேலையைச் செய்கின்றன. நரசிம்ம ராவ் வழக்கில் 1998இல் நம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, புரூஸ்டர் வழக்கில் மாறுபட்ட நீதிபதிகள் சொன்னதையே அதிகம் நம்பி, லஞ்சம் வாங்கி வாக்களித்த எம்.பி.க்களைக் காப்பாற்றியது. 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அதைத் தூக்கி எறிந்தார்கள். பணியாளர்களைப் பொறுத்தவரை, சபை நடவடிக்கை பற்றி உறுப்பினரோ சபை அலுவலரோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சபையின் அனுமதி வேண்டும் என்று மக்களவையின் சிறப்புரிமைக் குழு 1950களிலேயே பரிந்துரைத்தது, அதுவே நடைமுறை.

அண்மை வழக்கு ஒன்று

நியூஜெர்சி செனட்டர் பாப் மெனண்டெஸ் மீதான விசாரணை 2024 மே மாதம் மன்ஹாட்டனில் தொடங்கியது. தங்கக் கட்டிகள், ரொக்கம், எகிப்து அரசுக்குச் செய்த உதவிகள். அவர் செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்தவர். ராணுவ உதவியை நிறுத்திவைப்பதும் விடுவிப்பதும் அந்த நாற்காலியின் அதிகாரம். அதைச் செய்தது சட்டமியற்றும் செயல். இப்போது அரசு வழக்கறிஞர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். லஞ்சம் எதற்கு என்று ஜூரிக்குச் சொல்ல வேண்டும், ஆனால் அந்த 'எதற்கு' நடந்ததைக் காட்டக் கூடாது. வாக்குறுதியைக் காட்டலாம், நிறைவேற்றியதைக் காட்டக் கூடாது. நீதிபதி சிட்னி ஸ்டைன் அரசுத் தரப்பு மிகவும் நம்பியிருந்த சில செய்திகளையும் அதனால் விலக்கினார். குழுவின் முன்னாள் மூத்த பணியாளர் ஒருவர் கூண்டேறி, எகிப்துப் பயண ஏற்பாடு போன்றவற்றைப் பற்றிச் சாட்சி சொன்னார். இப்படிப்பட்ட சாட்சியிடம் 'செனட்டர் அந்த உதவிக்குக் கையெழுத்திட்டாரா?' என்று மட்டும் கேட்க முடியாது.

ஜூலை 16 அன்று 16 குற்றச்சாட்டுகளிலும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. நவம்பரில் அரசு வழக்கறிஞர்களே நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஜூரிகள் ஆலோசிக்கும்போது ஆதாரங்களைப் பார்க்க ஒரு மடிக்கணினி கொடுக்கப்பட்டிருந்தது. நீதிபதி நீக்கச் சொன்ன வரிகள் சில ஆவணங்களில் நீக்கப்படாமலே அதற்குள் போய்விட்டிருந்தன. மறுவிசாரணை வேண்டும் என்று மெனண்டெஸ் தரப்பு கேட்டது. மடிக்கணினி ஜூரி அறைக்குப் போகுமுன் இரு தரப்பு வழக்கறிஞர்களுமே அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே ஜூரி அந்த வரிகளைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று நீதிபதி மறுத்துவிட்டார். 2025 ஜனவரி 29 அன்று 11 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.